பினாங்கு மாதா கோயில் இன்னும் பேராலயமா?

செம்பனைக்காட்டான் | 2 ஆகஸ்டு, இரவு 9:14

பினாங்கு ஃபார்க்குவார் தெருவில் இருக்கும் விண்ணேற்பு மாதா பேராலயம்தான் மலேசியாவிலேயே மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில். 1786-இல் பிரான்சிஸ் லைட் கட்டிக் கொடுத்தது. நிபோங் திபால் தோட்டத்து மக்களுக்குத் தாய்க்கோயிலும் அதுதான். இப்போது புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலும் பேராலயம் ஆகிவிட்டதால் பினாங்கு மறைமாவட்டத்துக்கு இரண்டு பேராலயம். சரிதானே?

கிரியான்கரை | 2 ஆகஸ்டு, இரவு 10:02

'சரிதானே' என்று கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன் தம்பி. சரியில்லை.

நாட்டிலேயே பழையது, இன்றைக்கும் பூசை நடப்பது என்றால் அது மலாக்கா புனித பேதுரு கோயில். 1710, டச்சுக்காரன் ஆட்சிக் காலம். பினாங்கில் 1786 என்பது பங்கு, அதாவது கோயிலைச் சேர்ந்த சனக்கூட்டம், தொடங்கிய ஆண்டு. இப்போது நிற்கிற கட்டடம் முடிந்தது 1861-இல். அதை எழுப்பியதில் லைட்டுக்கு வேலையே இல்லை, அந்த ஆள் செத்தே 1794 ஆகிவிட்டது. பேராலயம் என்ற பட்டமும், அதாவது மறைமாவட்டத்துப் பிஷப்பான ஆயரின் இருக்கையும், 2003-இல் கிரீன் லேன் பக்கத்துப் பரிசுத்த ஆவி கோயிலுக்குப் போய்விட்டது. புக்கிட் மெர்தாஜாம் கதை வேறு. தாய்க்கோயில் கதை அதைவிட வேறு. இரண்டையும் பிறகு எழுதுகிறேன், சோறு ஆறுகிறது.

கிரியான்கரை | 2 ஆகஸ்டு, இரவு 11:20

1786-ஐ மட்டும் முடித்துவிட்டுப் படுக்கிறேன்.

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய லைட் அங்கே கொடி ஏற்றியது ஆகஸ்டு 11. அடுத்த சில நாட்களிலேயே கோலக் கெடாவிலிருந்து ஒரு கூட்டம் கடல் தாண்டி வந்து இறங்கியது. யுரேசியக் கத்தோலிக்கர்கள், ஐரோப்பிய-ஆசியக் கலப்புச் சனம். சயாமில் இருக்க முடியாமல் பூக்கெட் பக்கமிருந்து கெடாவுக்கு ஓடிவந்தவர்கள், அங்கிருந்து மறுபடி மூட்டை கட்டியவர்கள். கூட்டி வந்தவர் கார்னோ என்ற பிரெஞ்சு மிஷனரி. அவர்கள் வந்து சேர்ந்தது மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முந்திய நாள். அதனால்தான் கோயிலுக்கு அந்தப் பெயர். லைட்டோடு குடும்பம் நடத்திய மார்ட்டினா ரோசெல்ஸும் அந்தச் சமூகத்துப் பெண் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே இது லைட் கொடுத்த கோயில் என்று எழுதுவதைவிட, ஊர்விட்டு ஊர் ஓடிய சனம் எழுப்பிய கோயில் என்று எழுதினால் பொருத்தம். தோட்டத்துக்காரன் பேரப்பிள்ளைக்கு அது புரியாமலா போகும்.

கிரியான்கரை | 3 ஆகஸ்டு, காலை 6:50

முதல் கோயில் எங்கே இருந்தது என்று கேட்டதற்குப் பதில்: சர்ச் ஸ்திரீட்டில். 1802-இல் பிஷப் ஸ்திரீட்டுக்கு மாறியது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1857-இல். இன்றைக்கு சர்ச் ஸ்திரீட்டில் போய் நின்றால் அந்தச் சர்ச் இல்லை, பெரனாக்கான் மாளிகையில் சுற்றுப்பயணிகள் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிஷப் ஸ்திரீட்டிலும் பிஷப்பைத் தேட வேண்டாம்.

கிரியான்கரை | 3 ஆகஸ்டு, மதியம் 1:15

கட்டடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன். வேலை செய்த காலத்தில் தீவில் பழைய கட்டடம் பழுதுபார்க்கும் ஒரு குத்தகைக்காரரிடம் இருந்தேன், அதனால் கோயிலுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது சுவரின் அடிப்பக்கத்துக்குத்தான். மனைவி முறைப்பார்.

முகப்பில் இரண்டு மணிக்கோபுரம், நடுவில் வாசல். பிரெஞ்சுச் சாமியார்கள் போன இடமெல்லாம் இந்த மாதிரி இரட்டைக் கோபுரம் விருப்பமாகக் கட்டியிருக்கிறார்கள், புதுச்சேரிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தடித்த சுவர், உயரமான கூரை. சூடு மேலே போய்விடும், கீழே உட்கார்ந்திருப்பவனுக்குக் காற்று வரும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இந்த ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். இன்றைக்குப் போல அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு போடுவதில்லை. மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் வெளியே ஆவியாகிப் போய்விடும், பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பூச்சு போட்டால் முடிந்தது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. இன்னும் மேலே ஏறும். செங்கல்லிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், நல்ல இடத்தில் கெட்டியாகச் சத்தம் வரும், கெட்ட இடத்தில் காலி டின்னைத் தட்டின மாதிரி 'டொப்' என்று வரும். முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும், நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி நகக்கண்ணில் ஏறும்.

ஒரு பழைய கோயிலில் (இது இல்லை, பெயர் வேண்டாம்) திருநாளுக்குள் சுவர் பளபளப்பாக இருக்கவேண்டும் என்று அவசரப்பட்டுச் சிமெண்டுப் பூச்சு போடச் சொன்னார்கள். எங்கள் மேஸ்திரி வேண்டாம் என்று மன்றாடினார். கேட்கவில்லை. திருநாளுக்குப் பளபளத்தது. அடுத்த மழைக்காலத்தில் தட்டு தட்டாகக் கழன்று விழுந்தது. பழி மேஸ்திரி தலையில்.

கிரியான்கரை | 3 ஆகஸ்டு, மதியம் 1:40

மேலே ஒன்று விட்டுப்போனது. ஆரம்பத்தில் இப்போதிருக்கும் அகலம் கிடையாது. 1928-இல் இரண்டு பக்கமும் இறக்கை இழுத்துப் பெரிதாக்கினார்கள். கூட்டம் பெருகிவிட்டது, ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் கோயில் ஆனது. வாசலில் நின்றால் இது தெரியாது. பக்கவாட்டில் நடந்து போனால் சுவர் வெளியே துருத்திக்கொண்டு வருவது தெரியும்.

இறக்கை இழுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பின்பக்கம் நீட்டியிருந்தால் கடைசி வரிசைக்காரன் பீடத்தைத் தொலைநோக்கி வைத்துத்தான் பார்க்கவேண்டும். ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்த காலமா அது? பக்கத்தில் இழுத்ததால் புதிதாகச் சேர்ந்த சனமும் பீடத்துக்குக் கிட்டவே உட்கார முடிந்தது.

கிரியான்கரை | 4 ஆகஸ்டு, இரவு 8:30

இப்போது தாய்க்கோயில்.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையில் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு ரப்பர், பிறகு செம்பனை. அதில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஃபார்க்குவார் தெருக் கோயில் தாய்க்கோயிலாக இருந்ததா? என் பாட்டியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு அது 'சட்டைக்காரர் கோயில்'. கோட்டு சூட்டு, தொப்பி, பிரெஞ்சுச் சாமியார், இங்கிலீஷ் பிரசங்கம். ரயிலேறி பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறித் தீவில் இறங்கினால், தமிழ்ச்சனம் நடந்தது பினாங்கு ரோட்டிலிருக்கும் புனித சவேரியார் கோயிலுக்கு. தமிழ்ப் பூசை அங்கேதான்.

அதுவும் வருடத்தில் எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் தோட்டத்திலேயே. லயத்துக் கோடியில் (தொழிலாளர் வீட்டு வரிசைதான் லயம்) ஒரு கொட்டகை, தகரக்கூரை, சுவரில் மாதா படம், ஒரு உபதேசியார். பால்வெட்டு முடிந்து, குளித்து, சாயங்காலம் ஜெபமாலை. சாமியார் வருவது மாதத்துக்கு ஒருமுறையோ, மழை பெய்தால் அதுவுமில்லையோ. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தது, சாவு விழுந்தால் முன்னே நின்று ஜெபித்தது, கல்யாணத்துக்கு ஓலை வாசித்தது எல்லாம் அந்த உபதேசியார்தான். அவருக்கு எந்தத் தெருவிலும் பெயர்ப்பலகை இல்லை.

கிரியான்கரை | 4 ஆகஸ்டு, இரவு 9:05

"அப்படியானால் நமக்கும் அந்தக் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லையா அண்ணே" என்று கேட்ட தங்கச்சிக்கு: இல்லை என்று நான் சொல்லவில்லையே. எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கே கொஞ்சம் காரமாகத் தெரிகிறது. கட்டடத்தோடு சம்பந்தம் குறைவு. ஆயரின் இருக்கையோடு சம்பந்தம் நிறைய. அதை விளக்க இன்றைக்கு நேரமில்லை.

கிரியான்கரை | 6 ஆகஸ்டு, காலை 10:10

பேராலயம் என்பது பெரிய கோயிலுக்குக் கொடுக்கும் பரிசு இல்லை. அளவு, அழகு, வயது எதுவும் கணக்கில் வராது. மறைமாவட்டத்து ஆயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். இருக்கை எழுந்து போனால் பட்டமும் கூடவே போய்விடும்.

பினாங்குக்கு ஆயரே 1955-இல்தான் வந்தார். அதுவரை இந்தப் பக்கமெல்லாம் மலாக்கா மறைமாவட்டத்துக்குள் இருந்தது. 1955 பிப்ரவரியில் பினாங்கையும் கோலாலம்பூரையும் தனியே பிரித்தார்கள். கோலாலம்பூரின் முதல் ஆயர் தோமினிக் வெண்டார்கன், சிலோனில் பிறந்தவர். பினாங்கின் முதல் ஆயர் பிரான்சிஸ் சான். அப்போதுதான் ஃபார்க்குவார் தெருக் கோயில் பேராலயம் ஆனது. ஆக, கட்டி முடித்துத் தொண்ணூற்று நாலு வருடம் அது வெறும் பங்குக் கோயில், அப்புறம் நாற்பத்தெட்டு வருடம் பேராலயம், இப்போது மறுபடி பங்குக் கோயில். 'பழம்பெரும் பேராலயம்' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அந்த நாற்பத்தெட்டு வருடத்தில் இருக்கையில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். சானுக்குப் பிறகு கிரகோரி யோங். 1977-இல் அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ், நம் பக்கத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்தவர், பின்னாளில் கோலாலம்பூர் பேராயர், 2016-இல் நாட்டின் முதல் கர்தினால். அவருக்கு அடுத்து 1983-இலிருந்து அந்தோணி செல்வநாயகம். சட்டைக்காரர் கோயில் என்று பாட்டி ஒதுக்கிய இடத்தில் நம் நிறத்து ஆயர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டி அதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தோட்டத்தோடு உள்ள தொடர்புக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தையொட்டி ஆயர் குருமாரையெல்லாம் கூட்டி ஒரு பூசை வைப்பார். அதில் ஆசீர்வதிக்கும் எண்ணெய்தான் சின்னக் குப்பிகளில் எல்லாப் பங்குக்கும் போகும். நிபோங் திபாலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பூசுகிற கிறிஸ்மா எண்ணெய் அதுதான். உறுதிபூசுதலுக்கும் அதுவே. தோட்டத்துக் கொட்டகையில் சாகக் கிடக்கும் கிழவருக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயும் அந்தப் பூசையில் ஆசீர்வதித்ததுதான். பெர்ரியே ஏறாத மனிதருக்கும் ஆயரோடு அப்படி ஒரு உறவு இருந்தது.

கிரியான்கரை | 6 ஆகஸ்டு, காலை 10:48

2003-இல் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டவருக்கு. ஜோர்ஜ்டவுன் நடுவில் யார் குடியிருக்கிறார்கள்? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை கடைவீட்டு மாடிகளில் குடும்பங்கள் நிறைந்திருந்தன. 2000-இல் அந்தக் கட்டுப்பாடு எடுபட்டதும் வாடகை ஏறியது, குடும்பங்கள் வெளியே போயின. அதற்கு முன்னாலேயே பிள்ளைகள் அடுக்குமாடிக்கும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். சனம் கிரீன் லேன், ஆயர் ஈத்தாம், பாயான் பாரு என்று இருக்கும்போது ஆயர் மட்டும் மியூசியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வார்?

மாற்றியபோது எனக்கு வருத்தம்தான். இவ்வளவு பழைய கோயிலை விட்டுவிட்டு, பார்த்தால் மண்டபம் மாதிரி இருக்கிற புதுக்கோயிலுக்கா என்று. பிறகு ஒரு குருப்பட்டத் திருப்பலிக்கு ஊரிலிருந்து வேனில் போனோம். ஃபார்க்குவார் தெருவில் வேனை எங்கே நிறுத்தியிருப்போம் என்று யோசித்ததும் வருத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

கிரியான்கரை | 7 ஆகஸ்டு, மாலை 5:25

புக்கிட் மெர்தாஜாம். புனித அன்னம்மாள் கோயிலுக்கு 2019-இல் கிடைத்தது 'பசிலிக்கா' என்ற சிறப்பு. அது ரோமிலிருந்து போப் கொடுப்பது, திருத்தலத்துக்கு ஒரு கௌரவம். ஆயரின் இருக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே கோயில் இரண்டுமாக இருக்கலாம், சென்னை சாந்தோம் அப்படித்தான். அன்னம்மாள் கோயில் பசிலிக்கா மட்டும்தான். பினாங்கு மறைமாவட்டத்துக்குப் பேராலயம் ஒன்றே ஒன்று, அது கிரீன் லேனில்.

தாய்க்கோயில் என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் நான் அன்னம்மாளைத்தான் சொல்வேன். 1888-இல் கட்டிய பழைய கோயில் மலையடிவாரத்தில் இன்னும் நிற்கிறது. ஜூலை 26 திருநாள் வந்தால் கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் லாரி கட்டிக்கொண்டு வந்த சனம் நம் சனம். இந்துக்களும் வருவார்கள், மொட்டை போடுவார்கள், மெழுகுவத்தி வாங்குவார்கள். ஆளுயர மெழுகுவத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கும்போது உருகின மெழுகு மணிக்கட்டில் சொட்டும், துடைக்கமாட்டார்கள், அதுவும் நேர்ச்சையில் சேர்த்தி. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொண்டு போனது அங்கேதான். பிள்ளைக்கு அன்னம்மா என்று பெயர் வைத்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கிரியான்கரை | 9 ஆகஸ்டு, இரவு 11:55

தூக்கம் வரவில்லை. ஆர்கனைப் பற்றி எழுதவில்லை என்று ஞாபகம் வந்தது.

மாதா கோயிலில் ஒரு குழாய் ஆர்கன் இருக்கிறது. இங்கிலாந்தில் ஓக்காம் என்ற ஊரில் மார்ட்டன் அண்ட் மூடி என்பவர்கள் செய்தது, 1916. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருடம்! இந்த நாட்டில் பழைய குழாய் ஆர்கன் இருக்கிற கோயில் மிகக் குறைவு. நம் சீதோஷ்ணம் அதற்குப் பரம எதிரி. மரம் ஈரத்தில் உப்பும், தோல் வெடிக்கும், கறையான் வரும், கடல் காற்றில் உலோகம் கெடும். நூறு வருடம் தாண்டி அது இருக்கிறது என்றால் யாரோ தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில்தான் அதை முதலில் கேட்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த கோயில் இசை ஆர்மோனியமும் மிருதங்கமும். அடிக் குழாய் ஒன்று பிடித்தபோது காதில் கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. பக்கத்தில் சித்தப்பா, "லாரி எதுவும் பின்னால வருதாடா" என்று திரும்பிப் பார்த்தார்.

கிரியான்கரை | 10 ஆகஸ்டு, காலை 7:30

நேற்று இரவு எழுதியதற்கு "உங்கள் ஆர்மோனியம் மட்டமா" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். மட்டம் என்று எங்கே எழுதினேன்? ஆர்மோனியத்துக்கு ரிப்பேர் செய்ய ஆள் நிபோங் திபாலிலேயே இருந்தார், ஆர்கனுக்கு இல்லை. சண்டை முடிந்தது.

கிரியான்கரை | 10 ஆகஸ்டு, காலை 8:15

மலாக்காவைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு. இருக்கை இடம்மாறுவது பினாங்குக்கு மட்டும் நடந்ததில்லை, மலாக்கா இன்னும் வேடிக்கை. போர்த்துகீசியர் காலத்தில் 1558-இலேயே மறைமாவட்டம். டச்சுக்காரர் வந்து எல்லாம் போனது. 1888-இல் மறைமாவட்டம் உயிர் பெற்றது, பெயர் மலாக்கா, ஆனால் ஆயர் உட்கார்ந்தது சிங்கப்பூரில், நல்லாயன் பேராலயத்தில். 1972-இல் மலாக்கா-ஜொகூர் என்று தனியாகப் பிரிந்தது, பேராலயம் ஜொகூர் பாரு திரு இருதயக் கோயில். பெயரில் முதலில் நிற்கிறது மலாக்கா, ஆயர் இருப்பது ஜொகூர் பாருவில். மலாக்காக்காரர்கள் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், நான் சொன்னதாகச் சொல்லாதே.

சிங்கப்பூர் நல்லாயன் பேராலயத்திலும் நமக்கு ஒரு நூல் இருக்கிறது. கட்டடம் 1847-இல் முடிந்தது, ஆனால் முறைப்படி அர்ச்சித்தது 1897-இல். அர்ச்சித்த ஆயர் ரெனே ஃபே. அவர் ஆயராவதற்கு முன்னால் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றி ஊர் அமைத்த சாமியார். நிபோங் திபாலில் ரயிலேறினால் பக்கத்திலேயே பாகான் செராய். சிங்கப்பூர்ப் பேராலயத்து நிலையில் எண்ணெய் பூசிய கை அதற்கு முன்னால் நம் பக்கத்து வயல்காட்டில் தமிழ் பேசிக்கொண்டு திரிந்த கை. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. லைட்டைப் பற்றி மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

கிரியான்கரை | 11 ஆகஸ்டு, இரவு 9:20

திருநாள் பயணத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறவர் 'பழைய பேராலயம்' என்று போடலாமா, 'முன்னாள் பேராலயம்' என்று போடலாமா என்று கேட்கிறார். இரண்டும் வேண்டாம். விண்ணேற்பு மாதா கோயில், ஃபார்க்குவார் தெரு என்று போடுங்கள், போதும். பட்டத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் 1861 சுவர், 1928 இறக்கை, 1916 ஆர்கன் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

பேருந்தைப் பாலத்து வழியாக விடாமல் பட்டர்வொர்த்தில் நிறுத்தி, பெர்ரியில் போவதானால் நான் வருகிறேன். முதலில் பினாங்கு ரோட்டில் சவேரியாரைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே மாதா கோயிலுக்குப் போய்விடலாம், தூரமில்லை. செம்பனைக்காட்டான் தம்பியும் பெயர் கொடுத்திருக்கிறாராம். என் பக்கத்து சீட்டில் போட்டுவிடுங்கள், சுவரை எங்கே தட்டிப் பார்ப்பது என்று காட்டித் தருகிறேன். மதியச் சாப்பாடு அவர் செலவு.